உட்காரும் உரிமை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தி.நகரில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். நான்காவது மாடி, புடவைப் பிரிவு. நாற்பது புடவை விரித்துக் காட்டிவிட்டு நாற்பத்தோராவதை எடுக்கக் குனிந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நாங்கள் வேண்டாமென்று தள்ளிய புடவைகள் அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

“கொஞ்சம் உட்காரேம்மா” என்றேன்.

“கேமரா இருக்குக்கா” என்றாள்.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காரலாம் என்று சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதில் 22-ஏ என்று ஒரு பிரிவை 2021இல் சட்டமன்றம் சேர்த்தது. கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் போராடி வாங்கியது அது. மனுஷி உட்காருவதற்குச் சட்டத்திருத்தம் தேவைப்பட்டதே என்று நாம் தலைகுனிந்திருக்க வேண்டும். மேசையைத் தட்டினோம்.

அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு ஏற்பட்டால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாய்ப்பு ஏற்பட்டால்! ஏற்பட்டதா இல்லையா என்று முடிவுசெய்கிறவர் ஃப்ளோர் சூப்பர்வைசர். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து ராத்திரி இறங்கும்வரை அவர் கண்ணுக்கு அப்படியொரு வாய்ப்பு தட்டுப்படுவதே இல்லை. ஆய்வாளர் வந்தால் ஸ்டூலைக் காட்டலாம். சட்டம் கேட்டது ஸ்டூல், ஸ்டூல் இருக்கிறது. ஆய்வாளர் ஏட்டில் குறித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். குடிக்கும்போது அவருக்கு நாற்காலி போடுவார்கள்.

வேலையிடத்துப் பாகுபாட்டுக்கு எதிராக இந்த நாட்டில் இருக்கும் சட்டங்கள் எல்லாமே எனக்கு அந்த ஸ்டூலாகத்தான் தெரிகின்றன. கேட்டால் காட்டுவார்கள். உட்காரப் போனால் கேமரா இருக்கும்.

உள்ளே வந்து நிற்கிறவளாவது பரவாயில்லை. வாசலிலேயே மடக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. கல்யாணமானவளுக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கும், கர்ப்பமாவாள், லீவு கேட்பாள், நகை வேறு போட்டிருப்பாள் என்பவையெல்லாம் அங்கே சொல்லப்பட்ட காரணங்களாம். 2022இல் சில குறைகள் இருந்தன, சரிசெய்துவிட்டோம் என்றது நிறுவனத் தரப்பு. புதிதாக எடுப்பவர்களில் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள்தான் என்று அரசிடம் அது தெரிவித்ததாகவும் செய்தி வந்தது.

மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விழித்துக்கொண்டது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 5ஆம் பிரிவு, ஆள் எடுப்பதில் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்கிறதே, உடனே அறிக்கை அனுப்புங்கள் என்று மாநில அரசைக் கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. எல்லாம் சரி. அந்தப் பிரிவை மீறினால் என்ன தண்டனை? 10,000 முதல் 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது மூன்று மாதம் முதல் ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும். இதற்காகச் சிறைக்குப் போன முதலாளியை நான் பார்த்ததில்லை. 20,000 ரூபாய்க்குப் புது ஐபோனும் பார்த்ததில்லை.

அந்தச் சட்டமும் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். பாலினப் பாகுபாடு கூடாது என்ற வாசகம் அங்கேயும் பத்திரமாக இருக்கிறது. ஸ்டூலை வேறு மூலைக்கு மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெண்ணின் கல்யாணத்தைக் கண்டு நிர்வாகம் நடுங்குவது நேற்று வந்த வியாதி இல்லை. நம் அரசே அப்படி நடுங்கியிருக்கிறது. வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். ஆணுக்கும் குடும்பம் உண்டே, அவனை ஏன் கேட்பதில்லை என்ற பொருளில் நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டது 1979இல்.

இரண்டே வருடம். 1981இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கு. 35 வயதில் ஓய்வு, சேர்ந்த நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை காலி, முதல் கர்ப்பத்திலும் காலி என்பது கம்பெனி விதி. கர்ப்ப விதியை உச்ச நீதிமன்றம் காறித் துப்பாத குறையாகத் தூக்கி எறிந்தது. அடடா என்று நாம் எழுந்து நிற்பதற்குள், நான்கு வருடக் கல்யாணத் தடை நியாயமானதே என்றும் சொல்லிவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு அது உதவும் என்பது! அந்த வருடக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 68 கோடி. ஏர் இந்தியாப் பணிப்பெண்கள் எல்லாரையும் ஒரே கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காரவைத்துவிடலாம். 68 கோடியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை அந்த ஒரு பந்தியின் தலையில் கட்டினார்கள்.

அதே விமானக் கம்பெனியின் கதவைத்தான் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண் ஷானவி பொன்னுசாமி தட்டினார். திருநங்கை, பொறியியல் படித்தவர். விமானப் பணிக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. மூன்றாம் பாலினத்தவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு டெல்லியில் இருந்தது, படிவமும் டெல்லியில்தான் இருந்தது, இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை. 2017இல் வழக்குப் போட்டார். 2018இல், என்னைக் கருணைக்கொலை செய்துவிடுங்கள் என்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார். வேலை கேட்டு அனுப்பிய மனு பலிக்காத நாட்டில் சாவு கேட்டு அனுப்பிய மனுதான் செய்தியானது. பாகுபாட்டைத் தடைசெய்யும் திருநர் சட்டம் 2019இல் வந்தது. அதற்கும் மூன்று வருடம் கழித்து, இவர்களின் வேலைவாய்ப்புக்கு ஒரு கொள்கை வகுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது.

இனிமேல் வருவது எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்திறக்காத சங்கதி. நேர்காணலில் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்? குலதெய்வம் எங்கே? சைவமா? கணினியில் நிரல் எழுத வந்தவனிடம் குலதெய்வம் எதற்கு? எல்லாம் ஒரே கேள்வியின் கிளைகள்: நம்மாளா?

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். 2007இல் முடிவு வெளியானது. படிப்பு ஒன்றாக இருந்தும் தலித் பெயருக்கு அழைப்பு குறைந்தது, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைந்தது. ‘தகுதி, திறமை’ என்று தொண்டை வற்றப் பேசுகிறவர்கள், தகுதியை எங்கே தேடுகிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். விண்ணப்பத்தின் முதல் வரியில்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது கூறு வேலையில் சமவாய்ப்பு தருகிறது. ஆனால் அரசு வேலையில். 17ஆவது கூறு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஒழிந்துபோன ஒன்றைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனால் எழுத்தர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு துணைப்பிரிவு இருக்கிறது: தீண்டாமையை முன்னிட்டு ஒருவரை ஒரு வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது குற்றம். நல்லது. ‘தீண்டாமை காரணமாக நிராகரிக்கிறோம்’ என்று எந்த ஹெச்.ஆர். மின்னஞ்சல் அனுப்புவார்? ‘எங்கள் கல்ச்சருக்குச் சரிவராது’ என்றுதான் அனுப்புவார். கல்ச்சர் என்ற சொல்லுக்கு இவ்வளவு நேர்மையான பொருள் வேறெங்கும் கிடையாது.

வேலையில் பாகுபாடு காட்ட மாட்டோம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆவது உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டு உறுதிசெய்தது 1960இல். தனியாரையும் சேர்த்து எல்லாப் பாகுபாட்டையும் ஒரே சட்டத்தில் தடுக்க, சசி தரூர் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். காலாவதியானது. அமெரிக்காவில் சியாட்டில் என்ற ஊர் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அந்த நகர மன்றம் வேலையிடம் உள்பட எங்கும் சாதிப் பாகுபாடு கூடாது என்று தடை போட்டது. ஆகவே சியாட்டிலில் இருக்கும் நம்மவர் சாதி பார்த்துப் பதவி உயர்வை மறுத்தால் அங்கே நேரடியாக வழக்குப் போடலாம். சிறுசேரியில் அவருடைய தம்பி அதையே செய்தால், 1955ஆம் ஆண்டுத் துணைப்பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டும். சரக்கு நம்முடையது; தடைச் சட்டம் மட்டும் வெளிநாட்டில்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, 1989இலிருந்து. பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட’ இடத்தில் அவமானப்படுத்தினால் குற்றம். லால்குடி கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு வருவாய் ஆய்வாளர். பட்டா விஷயமாக வந்தவர் அலுவலக அறையிலேயே தன்னைச் சாதி சொல்லித் திட்டினார் என்பது 2021இல் அவர் கொடுத்த புகார். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. புகாரில் சொன்னபடியே வைத்துக்கொண்டாலும், நடந்தது நான்கு சுவருக்குள். சக ஊழியர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். ஆகவே பொதுப் பார்வையில் இல்லை.

சட்டத்தின் வாசகப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். அரசு அலுவலகத்து அறை, அரசு ஊழியர், அரசு நேரம். அது பொது இடம் ஆகவில்லை. அப்படியானால் பட்டியல் சாதி ஊழியர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனை இதுதான். உங்களை யாராவது சாதி சொல்லித் திட்ட ஆரம்பித்தால் பணிவாகக் கைகாட்டி நிறுத்துங்கள். “ஐயா, ஒரு நிமிஷம். வராந்தாவுக்கு வந்துவிடலாமா? அங்கே நாலு பேர் இருக்கிறார்கள். முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தால் நல்லது” என்று கேளுங்கள். குளிர்சாதன அறை வைத்திருக்கிற மேலதிகாரிக்கு இந்தத் தொந்தரவும் இல்லை. கதவைச் சாத்தினால் போதும். கண்ணாடிக் கதவாக இருந்தால் என்ன என்பதை இன்னொரு வழக்கில் முடிவுசெய்யலாம்.

ஹெச்.ஆர். பற்றி ஒரு வார்த்தை. மனிதவளம் என்று தமிழில் சொல்கிறோம். நீர்வளம், கனிமவளம் போல: தோண்டி எடுப்பது. அந்தத் துறையிடம் போய் நிர்வாகத்தைப் பற்றிப் புகார் சொல்வது, மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் மாப்பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்வது மாதிரி. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து எல்லாவற்றையும் கேட்பார். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். என் தோழி ஒருத்திக்கு நடந்தது. கர்ப்பம் என்று தெரிவித்த மாதத்திலிருந்து அவள் வேலையில் திடீரென்று குறைகள் முளைத்தன. ஆறு வருடமாக ‘மிக நன்று’ வாங்கியவள் அப்ரைசலில் ‘முன்னேற்றம் தேவை’ ஆனாள். வயிறுதான் முன்னேறிக்கொண்டிருந்தது. “நீங்களே எழுதிக் குடுத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லதும்மா. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் சுத்தமா வரும்” என்றார் ஹெச்.ஆர். எழுதிக் கொடுத்தாள். பேறுகாலத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள். விடுப்பிலிருக்கும் பெண்ணை வேலையைவிட்டு நீக்க முடியாது. அவளாகவே போய்விட்டால் எந்தச் சட்டம் என்ன செய்யும்? கம்பெனி 26 வாரச் சம்பளத்தை ஒரு கோப்பைத் தண்ணீரில் மிச்சம் பிடித்தது.

பாலியல் துன்புறுத்தலுக்கென்றே ஒரு சட்டம், 2013. அதன் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பன்வாரி தேவி, ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தில் கிராமப் பணியாளர். 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதுதான் அவர் வேலை. அந்த வேலையைச் செய்ததற்காகக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அதிலிருந்து விடுவித்தது. அந்த வன்முறை கிளப்பிய கொதிப்பில் பெண்கள் அமைப்புகள் அதற்கு முன்பே போட்டிருந்த வழக்கில்தான் 1997இல் விசாகா நெறிமுறைகள் பிறந்தன. அவற்றைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு 16 வருடம் பிடித்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு காலம்? மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். எம்.பி.க்களுக்கு யோசிக்க 16 வருடம். நடுங்கிக்கொண்டிருப்பவளுக்கு 90 நாள்.

பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். பெண் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். வைக்காவிட்டால் 50,000 ரூபாய் அபராதம். நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தரும் 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16இல் இப்படியொரு குழுவே இல்லை என்ற பத்திரிகைச் செய்தியைச் சுட்டி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே தலையில் அடித்துக்கொண்டது. குழு இருக்கும் இடங்களில் சுவரொட்டி இருக்கும். பொய்ப் புகாருக்கு நடவடிக்கை என்ற வரி அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். நிரூபிக்க முடியாமல் போனது என்பதாலேயே ஒரு புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த வரிக்குச் சுவரில் இடம் போதவில்லை போலும்.

சரி, வேலையைவிட்டே தூக்கிவிட்டார்கள். தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா? போகலாம், நீங்கள் ‘தொழிலாளி’யாக இருந்தால். அதனால்தான் நாட்டில் தொழிலாளிகளே அருகிவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர் லாஜிஸ்டிக்ஸ் எக்ஸிகியூட்டிவ். சோறு கொண்டுவருகிற பையன் டெலிவரி பார்ட்னர். பெட்ரோல் அவனுடையது, விபத்து அவனுடையது, பார்ட்னர்ஷிப் மட்டும் கம்பெனியுடையது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் செய்த வேலையின் தன்மைதான் கணக்கு என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதை நிரூபித்து முடிப்பதற்குள் அந்தப் பையனுக்குப் பிள்ளை பிறந்து, அவனும் பார்ட்னராகிவிடுவான்.

கிண்டல் போதும். இப்போது இந்தப் பத்திரிகையை மடித்து வைத்திருக்கும் யாரோ ஒருத்திக்கு, யாரோ ஒருவருக்கு நேராகச் சொல்கிறேன். ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள், அவர்கள் நீக்கட்டும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது என்கிறது தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. அதில் மேல்முறையீடு உண்டு. சொன்னது, செய்தது எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். பழைய அப்ரைசல் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பாலியல் துன்புறுத்தல் செய்கிறவர் முதலாளியே என்றாலோ, பத்துப் பேருக்கும் குறைவான இடம் என்றாலோ, மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில ஆணையர் இருக்கிறார், ஹெச்.ஐ.வி. உள்ளவரை அந்தக் காரணத்துக்காக நீக்குவதைத் தனியாருக்கும் சேர்த்தே 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது சட்டம்.

மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். “வச்சுட்டுப் போம்மா, அப்புறம் பாக்கலாம்” என்பார்கள். அந்த அறையில் நிச்சயம் ஒரு நாற்காலி இருக்கும். அதன்மேல் கோப்புகள் கிடந்தால் எடுத்துக் கீழே வையுங்கள். உட்காருங்கள். முத்திரை விழும்வரை எழுந்திருக்காதீர்கள்.